யாரும் நம்பாத குறை

கல்யாணமான நாளிலிருந்து ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் என் மனைவிக்குத்தான். என்னையும் சோதிக்கலாமே என்று பிரேசர் டவுன் டாக்டரம்மா ஒருவருக்கு மட்டும்தான் தோன்றியது. சோதித்தார்கள். விந்தணுவே இல்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அந்தச் சின்ன ஒய்யில் கருவை ஆணாக்கும் இடம் ஒன்று, விந்தணு உண்டாக்கும் இடம் வேறு. எனக்கு முதல் இடம் சரியாக இருக்கிறது. இரண்டாவதில் ஒரு துண்டு இல்லை. "மீசை, குரல், பலம் எதுலயும் இது தெரியாது. மருந்துக்கும் சரியாகாது. உங்க மிசஸுக்கு ஒரு குறையும் இல்ல," என்றார்.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் இனி அவளை யாரும் பேச மாட்டார்கள் என்று ஒரு நிம்மதி. ஸ்ரீராம்புரத்தில் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கா? கோலார் சுரங்கத்துல பாறை ஒடச்சவன் புள்ளடா நீ. பொண்டாட்டியக் காப்பாத்தப் பொய் சொல்றியா?"

"டாக்டரே சொன்னாங்கம்மா."

"அவளும் பொம்பளதானே."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மா அரசமரத்தடி நாகர் கல்லுக்குப் பால் ஊற்ற என் மனைவியை அழைத்துப் போனாள். ஆத்திரத்தில் நானும் போனேன். சொம்பைப் பிடுங்கி, குறை எனக்குத்தான் என்று சொல்லி, நானே ஊற்றிச் சுற்றி வந்தேன். அங்கிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

என் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வளையல் போட்டார்கள். என் மனைவி சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் அத்தை தடுத்தாள். "நீ போய்ப் பந்தியக் கவனிம்மா." பிள்ளை பெறாத கை படக்கூடாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடுகோடி வொர்க்‌ஷாப்பில் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. துண்டு குறைந்த ஒய் குரோமோசோமைப் பற்றிக் கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒன்றுவிடாமல் சொன்னேன்.

சொல்லி முடித்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கெடைப்பான்? மலடின்னு தெரிஞ்சும் பழியத் தன் தலையில போட்டுக்கறான் பாரு." மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அதுவரை என் மனைவியின் முதுகுக்குப் பின்னால் மட்டும் பேசிய சொல், அன்றைக்குத்தான் சபையில் விழுந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள்.

"உண்மையத்தானே சொன்னேன்?"

"உண்மைதான். நீங்க சொல்ற ஒவ்வொரு தடவையும் நீங்க நல்லவராயிடறீங்க. நான் மலடியாயிடறேன்."