ஐஸ் பெட்டியில் வைத்த இன்சுலின்

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், வயதான நோயாளிகளின் வீடு தேடிப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மருந்து கொடுப்பதுதான் என் வேலை. நானும் அதே குப்பத்துக்காரிதான்.

என் நோயாளிகளில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர் இருந்தார். சர்க்கரையில் கண் மங்கி, ஏரிக்குப் போவதை விட்டவர். அவருக்கு எங்கள் சுகாதார நிலையத்து டாக்டரம்மா இன்சுலின் எழுதினார், காலையில் பத்து யூனிட். போடும் பொறுப்பு மருமகளுக்கு. நான் சொல்லிக்கொடுத்ததை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள்.

மருந்தைச் சில்லென்று வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. "எறா வெக்கற ஐஸ் பொட்டி கீதே, அதுல வெக்கலாமாக்கா?" என்று கேட்டாள். அவள் புருஷன் பிடித்து வரும் இறாலை வைக்கும் தெர்மாகோல் பெட்டி அது. எனக்கு அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரம். வை என்று சொல்லிவிட்டேன். கெடக்கூடியது எதுவானாலும் ஐஸில் போடு, அதுதானே எங்கள் ஊர் அறிவு!

சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டரம்மா பத்தைப் பதினாறாக்கினார், பிறகு இருபத்து நாலாக்கினார். பெரியவர் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று எங்களுக்குச் சந்தேகம். "சக்கர போட்ட டீயக் கூட தொடலம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நம்பாமல் நான் திட்டினேன். அதை நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

ஒருநாள் மருமகள் அந்தப் பெட்டியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். இறாலுக்கு அடியில், உப்பு தூவிய ஐஸோடு ஐஸாக, மருந்தும் கட்டியாக உறைந்து கிடந்தது. தினமும் காலையில் வெளியே எடுத்து வைத்து, இளகியதும் போட்டிருக்கிறாள். உறைந்த இன்சுலினுக்கு வேகம் போய்விடும் என்று பயிற்சியில் சொல்லித் தந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெரியவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும் அவர் உடம்பில் ஏறியது வெறும் தண்ணீர் மாதிரி.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? டாக்டரம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். திட்டுவாரே, வேலை போய்விடுமே என்று பயந்தேன். பாட்டில் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று அவரிடம் பொய் சொல்லி, புதுசு வாங்கிக் கொடுத்தேன். மருமகளிடம் காரணம் சொல்லாமல், ஈர மணல் போட்ட மண்பானையில் வைக்கச் சொன்னேன். அளவைப் பற்றி மூச்சு விடவில்லை. நல்ல மருந்தில் இருபத்து நாலு யூனிட் என்ன செய்யும் என்று யோசிக்கக்கூட இல்லை.

இரண்டாம் நாள் காலை பெரியவர் வேர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தார். ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாம். உயிர் மிஞ்சியது. சில நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தும் நினைவு முழுதாகத் திரும்பவில்லை. நைனா நைனா என்று கதறிய மகனையே யாரோ மாதிரி பார்த்தார்.

"ஊசி யார் போட்டது?" என்று ஆஸ்பத்திரியில் கேட்ட ஒரு கேள்வி, குப்பத்துக்கு வரும்போது வேறாகிவிட்டது. "பீ மூத்திரம் அள்ள முடியாம ஊசியிலயே முடிச்சிடப் பாத்தா" என்றாள் மருமகளின் நாத்தனார். புருஷன் அவள் கையால் சாப்பிடுவதை நிறுத்தினான். குழாயடியில் அவள் வந்தால் மற்றவர்கள் நகர்ந்து நின்றார்கள். சீட்டில் எழுதிய அளவுதான் போட்டேன் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குடத்தோடு நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

பதினோராம் நாள் ஆரம்பாக்கத்திலிருந்து அவள் அண்ணன் அழைத்துப் போக வந்துவிட்டான். பையோடு அவள் வாசலில் நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. புருஷன், நாத்தனார், அண்ணன் எல்லார் முன்னாலும் ஐஸ் பெட்டியில் தொடங்கி உடைந்த பாட்டில் பொய் வரைக்கும் கொட்டிவிட்டேன். புருஷன் தலை குனிந்தான். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அழக்கூட இல்லை.

"பதினோரு நாளா நீயும்தானேக்கா பாத்துனு இருந்த?" என்று மட்டும் கேட்டாள். பையை வைத்துவிட்டு, மாமனாருக்குக் கஞ்சி ஊட்ட உள்ளே போய்விட்டாள்.

அன்றே டாக்டரம்மாவிடமும் சொன்னேன். நான் அவ்வளவு பயந்த திட்டு வரவே இல்லை. "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுபடி பத்துலேருந்து ஆரம்பிச்சிருப்பேனேம்மா" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் ஆறு மாதம் இருந்தார். மருமகளைத்தான் கடைசிவரை அம்மா அம்மா என்று கூப்பிட்டார்.

இப்போது எந்த வீட்டிலும் மருந்து இருக்கும் இடத்தை என் கண்ணால் பார்க்காமல் நான் நகர்வதில்லை. தப்பு நடந்தால் அடுத்த நிமிடமே டாக்டரம்மாவுக்குப் போன். தைரியமாக உண்மையைச் சொன்னவள் என்று என்னைப் பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெரியவரின் நினைவையும், ஒரு பெண்ணின் பதினோரு நாளையும் விலையாகக் கொடுத்தவள் நான் என்பது எனக்கும் அவளுக்கும் தெரியும், இன்றுவரை அவள் என்னிடம் பேசுவதில்லை.