ஐந்து இறாத்தல் குறைவு

மருந்து வாங்கப் போன கடையில் ஒரு பெரிய டின்னைப் பார்த்தேன். புரத மா. மேலே, தன் புயங்களைத் தானே வியந்து பார்க்கும் ஒருவனுடைய படம். எத்தனை கரண்டி, எந்த நேரம், எதில் கரைப்பது என்று பின்புறம் முழுக்க விதிகள். விதிகளோடு ஆயுள் முழுவதும் குடும்பம் நடத்தியவன் அல்லவா, நின்று கடைசி வரிவரை வாசித்தேன். மூக்கில் ஏறியது என்னவோ வறுத்த உழுந்தின் வாசம்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில், அரசாங்க எழுதுவினைஞர் சோதனையில் நான் பாஸ். தேகப் பரிசோதனையில் நிறை ஐந்து இறாத்தல் குறைவு. "ரெண்டு மாதத்தாலை திரும்ப வாரும். அப்பவும் குறைஞ்சால் அடுத்த பேருக்குத்தான் வேலை" என்றார் டாக்டர். வட்டுக்கோட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் புகையிலைத் தோட்டம் இருந்தது. அதில் மண்வெட்டி பிடிக்கவும் உதவாத உடம்பு இது. என் சீவியமே அந்த ஐந்து இறாத்தலில் தொங்கியது.

என்னோடு படித்த அல்பிரட் இரும்பு தூக்குகிறவன், வேதக்கார வீட்டுப் பிள்ளை. "ஆட்டிறைச்சி, நண்டு, கணவாய். உன்ரை பூசணிக்காய்க் கறியிலை சதை பிடிக்காது மச்சான்" என்றான். எங்கள் வீட்டில் அந்தப் பெயர்களை உச்சரிப்பதே சிரமம்.

அம்மா இல்லாத வீட்டில் அடுப்பும் அதிகாரமும் அக்காவிடம். உடம்பைத் தேற்ற அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று. அவள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானபோது அவளுக்குச் செய்தது: விடியப் பச்சை முட்டை, அதன்மேல் நல்லெண்ணெய், பிறகு பனங்கட்டி போட்ட உழுத்தங்களி. முட்டை என்றதும் எங்கள் தகப்பனார் முறைத்தார். "மருந்துக்கு, ஐயா" என்றாள். ஐயா முற்றத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எங்கள் சைவத்தில் அப்படியும் ஓர் ஒழுங்கு இருந்தது.

ஒரு கிழமைக்குள் பக்கத்து வீட்டுச் செல்லம்மா மாமி வேலியால் எட்டிப் பார்த்தார்.

"முட்டை, உழுந்து, நல்லெண்ணெய்... ஆரடி பிள்ளை பெரியபிள்ளையானது?"

வீட்டில் பெண் என்று இருந்தது அக்கா மட்டும். அவளுக்கு வயது இருபத்தெட்டு.

"எங்கடை தம்பிதான் மாமி. சாமத்தியச் சடங்குக்கு நாள் பாக்கிறம், கட்டாயம் வாங்கோ."

மாமி சிரித்த சிரிப்பில் வேலி ஆடியது. அடுத்த நாள் ஒழுங்கையில் அல்பிரட்டே, "துடக்குத் தீட்டெல்லாம் கழிஞ்சுதோடா?" என்று கேட்டான்.

வெட்கத்தில் களியை ஒதுக்கப் பார்த்தேன். "சிரிக்கிறவை உனக்கு வேலை தருவினமோ? வாயை ஆவெண்டு திற" என்று அக்கா கரண்டியோடு நின்றாள். ஞாயிறுதோறும் புகையிலை நிறுக்கிற பெரிய தராசில் என்னை ஏற்றுவாள். மறு தட்டில், டாக்டர் கேட்ட நிறைக்குப் படிக்கற்கள். என் தட்டு முதன்முறையாக நிலத்தில் இருந்த ஞாயிறு அவள் கற்களைத் திரும்ப ஒருமுறை சரிபார்த்துவிட்டு, உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள்.

டாக்டர் நிறுத்தபோது ஓர் இறாத்தல் கூடவே இருந்தது. கொழும்புக்கு நியமனம் வந்தது. நான் வீட்டை விட்டுப் போகத்தான் அவ்வளவு முட்டையும் என்பது இரண்டு பேருக்கும் ரயிலடியில்தான் விளங்கியது.

அவளுடைய கடிதங்கள் எல்லாம் ஒரே வரியில் தொடங்கும்: "தம்பி, மெலிஞ்சு போனியோ?"

எந்தக் கடிதமும் என் மேசையில் மூன்று நாளுக்கு மேல் பதிலில்லாமல் கிடந்ததில்லை என்று பெரியதுரை எழுதித் தந்த நற்சான்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அக்காவுக்கு மட்டும் பதில் எழுதாமல், லீவில் போய் உடம்பை நேரே காட்டலாம் என்று இருந்தேன். லீவைச் சேர்த்துச் சேர்த்து வைத்தேன். கடைசியில் விண்ணப்பப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: தமக்கையின் மரணம்.