வேன் வருவதற்குள் திறக்கும் பக்கம்

"சம்பளமே இல்லாத வேலைக்குச் சட்டம் போட்டா எவன் கேப்பான், கண்ணு?" என்று அம்மா சிரித்தார். அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஓர் இலவச மென்பொருளின் இணையதளத்தைத் தன்னார்வலர்கள் சேர்ந்து புதிதாக்கிக்கொண்டிருந்தோம். அதற்கான தொழில்நுட்ப விதிகளை எழுதுவது என் பொறுப்பு.

கம்பெனியில் சாம்பிள் பீஸ் ஓகே ஆகாமல் கட்டிங் டேபிளில் துணி விரிக்க மாட்டார்கள். அதையே முதல் விதியாக வைத்தேன். முகப்புப் பக்கம் பழைய போனிலும் திறந்த பிறகுதான் மற்ற பக்கங்களைத் தொட வேண்டும்.

சென்னைத் தன்னார்வலர் ஒருவர் முகப்பை அனுப்பினார். மேலே அசையும் படம், அவ்வளவு அழகு. திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொண்டு விலகிவிடுவாரோ என்று பயந்தேன். அம்மாவின் பழைய போனில் அதைத் திறந்து, என் போனில் வீடியோ எடுத்தேன். பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டிபன் பாக்ஸோடு கம்பெனி வேனுக்குக் காத்திருந்த அம்மா கேமராவைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, வேன் வர்றதுக்குள்ள இது வந்துருமுங்களா?"

அந்த வீடியோவையே அனுப்பிவிட்டேன். மாலையில் அசையும் படம் இல்லாத முகப்பு வந்தது. கூடவே ஒரு கேள்வி: "இப்ப அம்மா என்ன சொல்றாங்க?"

அம்மாவின் போனில் பக்கம் உடனே திறந்தது. "அட, சட்டம் போட்டா நெசமாவே கேக்கறாங்களே!" என்றார் அம்மா. விதிகளின் தலைப்பிலிருந்த 'வரைவு' என்ற சொல்லை அப்போதே நீக்கினேன். மற்ற பக்கங்களையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.