மும்தாஜின் அட்டையை நான் மாட்டிக்கொண்டேன்

செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். உள்ளே யார் எங்கே, எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை எங்கள் கழுத்து அட்டை பதிவு செய்துவிடும். ஏழு மாதக் கர்ப்பிணியான தோழி மும்தாஜ் ஓய்வறையில் சற்று அதிகம் படுக்கட்டும் என்று, அவள் அட்டையையும் நானே மாட்டிக்கொண்டு வேலை செய்வேன்.

ஒருநாள் மும்தாஜ் விடுப்பில் இருந்தாள். உடன் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குச் சின்னம்மை என்று தெரியவந்தது. முந்தைய நாள் அந்தப் பெண்ணோடு ஓய்வறையில் இருந்தவர்களை அட்டைப் பதிவை வைத்துப் பட்டியலிட்டார்கள். அதில் மும்தாஜ் பெயர் இல்லை.

வேலை போய்விடுமோ என்று ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மனசு கேட்காமல் கிடங்கின் நர்ஸிடம் போனேன்.

“சிஸ்டர், மும்தாஜும் அங்கதான் இருந்தா. அவ அட்டை என்கிட்ட இருந்துச்சு.”

“இன்னாம்மா இது? சரி, இப்பனாச்சும் சொன்னியே” என்றவர், உடனே மும்தாஜுக்குப் போன் செய்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

மறுநாள் மும்தாஜ் அழைத்தாள். “அக்கா, சின்ன வயசுலயே எனக்கு அம்மை வந்துட்டுப் போயிருக்காம். கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு.”

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அட்டை மாற்றியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள்; கையெழுத்திட்டேன். உதவி என்று நினைத்து அவளை எவ்வளவு பெரிய ஆபத்தில் விட்டிருந்தேன் என்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது.