மூன்றிலிருந்து தொடங்கிய பென்சில்

பாடநூல் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘கட்டம் அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பதினான்கு வருடம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனபிறகு குரல் கடைசி பெஞ்சுவரை எட்டவில்லை. அதனால் இரண்டாவது மாடியில் ஜன்னலோர மேஜை ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள்.

மேஜைமேல் நீளநீளமான அட்டவணைகள். இடப்பக்கம், குழந்தை இதைக் கற்றிருக்க வேண்டும் என்று மேலிடம் வகுத்த வரி. வலப்பக்கம், அதைக் கற்றுத்தரும் பாடநூல் பக்கத்தின் எண். இரண்டும் பொருந்தினால் நடுவிலுள்ள கட்டத்தில் ஒரு குறி. பொருந்தாவிட்டால் பாடம் எழுதியவருக்கே திரும்பிப் போகும். “அக்கா கல்லுலயும் நார் உரிப்பாங்க” என்று பாடம் எழுதுகிறவர்கள் முனகுவார்கள். அது அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

வருடத்துக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் பள்ளிக்குப் போய் வகுப்பைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அந்த வருடம் போகவேண்டியவருக்குக் காய்ச்சல். வேண்டாவெறுப்பாக அக்கா கிளம்பிப் போனார்.

மூன்றாம் வகுப்பில் நீளம் அளக்கும் பாடம். அறுபத்து நாலாம் பக்கத்துக் கணக்குகளைப் பிள்ளைகள் மளமளவென்று போட்டு முடித்தார்கள். பிறகு சொந்தப் பென்சிலை அளக்கச் சொன்னார் டீச்சர். ரெட்டைச் சடைக்காரி ஒருத்தியின் அளவுகோல் முன்பக்கம் உடைந்து, மூன்றிலிருந்துதான் தொடங்கியது. பென்சிலை அந்த முனையில் வைத்துப் பார்த்து, “பதினொண்ணு” என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் அதே பென்சிலை வாங்கி முழு அளவுகோலில் வைத்தாள். “எட்டுதான்டி.”

“உடைஞ்ச ஸ்கேலை வெச்சுக்கிட்டு என்னத்த அளக்குற? அவகிட்ட வாங்கிக்கோ” என்றார் டீச்சர்.

அக்கா எழுந்துபோய் அந்த நல்ல அளவுகோலிலேயே பென்சிலை மூன்றிலிருந்து வைத்தார். “இப்போ எவ்வளவு நீளம்?”

எட்டு என்று சாதித்தவளே, “பதினொண்ணு” என்றாள்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. வகுப்பு முழுவதையும் கேட்டார். முப்பத்திரண்டு பேரில் இருபத்தொன்பது பேர் பதினொன்று என்றார்கள்.

“புக்குல எல்லாப் படமும் ஜீரோவுல இருந்துதானே ஆரம்பிக்குது. அவங்க வேற எப்படிச் சொல்வாங்க?” என்றார் டீச்சர், யாரையும் குறை சொல்லாத குரலில்.

அக்கா பக்கத்தைப் புரட்டினார். சாவி, இலை, சீப்பு, பென்சில் எல்லாம் பூஜ்யத்தில் தலைவைத்துப் படுத்திருந்தன. வலது முனைக்கு நேரே இருக்கும் எண்ணைப் படித்தால் போதும், விடை வந்துவிடும். ‘பொருள்களின் நீளத்தை அளப்பார்’ என்ற வரிக்கு நேரே இந்தப் பக்கத்தைப் பொருத்திக் குறி போட்டது அவருடைய கைதான்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் பஸ் டிரைவர். “தப்பான ரோடுன்னு தெரிஞ்சா அடுத்த திருப்பத்துலயே திருப்பிடணும். போகப்போக டீசல்தான் வீண்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுபதிப்பு அச்சுக்குப் போக நாலு நாள்தான் இருந்தது. இயக்குநர் அட்டவணையைப் பார்த்தார்.

“வரி இருக்கு, பக்கம் இருக்கு. அப்புறம் என்னம்மா?”

“வரியில அளப்பார்னு இருக்கு சார். பக்கத்துல பிள்ளை எண்ணைப் படிக்குது. அவ்வளவுதான்.”

“குறி போட்டது யாரு?”

“நான்தான்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “இதைத் தொட்டா, மத்த கட்டமெல்லாம் சரியான்னு கேப்பாங்க.”

“நேத்துல இருந்து நானே அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன் சார்.”

கடைசியில் ஒரே ஒரு படத்தை மாற்ற அனுமதி கிடைத்தது. ஓவியர் சாவியை மூன்றுக்கு நகர்த்தினார். கூடவே உடைந்த அளவுகோல் ஒன்றையும் வரையச் சொன்னார் அக்கா. “அச்சுல வெட்டுப்பட்டுப் போச்சுன்னு நினைப்பாங்கக்கா” என்று ஓவியர் சிரித்தார். அது புத்தகத்தில் ஏறவில்லை. ஆசிரியர் கையேட்டில் மட்டும் அதைப் பற்றி இரண்டு வரி சேர்ந்தது.

பிறகு அக்கா தன் பழைய அட்டவணைகளை இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வரிக்கு வரி, புத்தகத்தை மூடிவிட்டு ஒரு குழந்தையிடம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றை எழுதினார். அந்தப் பக்கத்தைப் படித்த பிள்ளைக்குப் பதில் வராது என்று தோன்றினால் குறியை அழித்தார். மூன்று மாதத்தில் முப்பத்தேழு குறிகள் போயின. இலக்கணப் பாடம் எழுதியவர் அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவார். அடுத்த வருடம் அதே பள்ளியில், அதே நீளப் பென்சிலை மூன்றிலிருந்து வைத்துக் கேட்டபோது, புதிய புத்தகம் படித்த முப்பது பேரில் பதினெட்டுப் பேர் எட்டு என்றார்கள். அக்கா அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. மீதிப் பன்னிரண்டு பேர் இருந்தார்களே.

ஒரு வரிக்கு மட்டும் அவருக்குக் கேள்வியே அமையவில்லை: ‘பாடலைக் கேட்டு மகிழ்வார்.’ மகிழ்ந்தாரா என்று எதைக் கேட்டுக் கண்டுபிடிப்பது? விளக்கம் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த வரியையே நீக்கிவிட்டார்களாம்.

கடிதத்தை மடித்துவைத்த அக்காவுக்கு அன்று வேலை ஓடவில்லை. “கேள்விதானே கேட்டேன். அதுக்காக எடுத்துடச் சொன்னேனா?” என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார். மறுநாள் காலையில், அந்த வரியைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இன்னொரு கடிதம் எழுத ஆரம்பித்தார்.