அத்தானின் கூழாங்கல் பாத்தி

என் அக்கா பிளியாவைக் கட்டியவர் சூ நெங். செயின்ட் பால் நகரின் கிழக்குப் பக்கம், ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. எதையாவது தொட்டால் விடமாட்டார். நல்ல குணம் என்று கல்யாணத்தின்போது எல்லாரும் சொன்னார்கள்.

வீட்டின் அடித்தளத்தில் பெரிய தொட்டி வைத்துத் திலாப்பியா மீன் வளர்த்தார். தொட்டிக்கு மேலே கூழாங்கல் நிரப்பிய பாத்தி. மீன் அழுக்காக்கிய தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். பாத்தி நிரம்பியதும் ஒரு குழாய் மொத்தத் தண்ணீரையும் சர்ரென்று உறிஞ்சித் தொட்டிக்கே இறக்கிவிடும். மண்ணே இல்லாமல் லெட்டூஸ் கீரை செழித்து வளர்ந்தது. தெருவில் எல்லார் வீட்டுக்கும் கொடுத்தார். அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்த அக்டோபரில் அக்காவின் மருமகள் கபாவுக்கு ஆறாம் மாசம். பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாள், கோழியும் பச்சிலைகளும் போட்ட சூப்பும் சோறும்தான். எங்கள் வீடுகளில் அதற்கு மறுபேச்சில்லை. அந்தச் செடிகள் இந்த ஊர்க் குளிருக்குத் தாங்காது. வருஷா வருஷம் அக்கா அவற்றைத் தோட்டத்திலிருந்து பெயர்த்து, சட்டிகளில் வைத்து, ஜன்னலோரம் அடுக்குவாள். ஹீட்டர் காற்றில் பாதி காய்ந்துபோகும்.

“இந்த வருஷம் தண்டு வெட்டி என் பாத்தியில சொருகப் போறேன். பத்தே நாள்ல வேர் விட்டுடும்,” என்றார் அத்தான்.

“லெட்டூஸ் வெதை போட்டு வந்தது. இது வெறும் தண்டுங்க,” என்றாள் அக்கா.

“உனக்குச் சொன்னாப் புரியாது.”

நாற்பது தண்டு சொருகினார். எட்டாம் நாள் எல்லாம் அடியில் கறுத்து வழுவழுத்துப் போயிருந்தன. அடுத்த தடவை கணுவுக்குக் கீழே பார்த்து வெட்டினார், கீழ் இலைகளைக் கிள்ளினார், ஊதா விளக்கு ஒன்று வாங்கி மாட்டினார். அதுவும் அழுகியது. மூன்றாவது தடவை, வேலைவிட்டு வந்ததும் ஒவ்வொரு தண்டாகப் பிடுங்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

“டவுசரைக் கழட்டிக் கழட்டிப் பாத்தா அதுக்கும் கூச்சமா இருக்காதா?” என்று அக்கா மாடிப்படியிலிருந்து கத்தினாள். கபாவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை.

தொழிற்சாலையில் டுவேன் என்பவர் அழுகலுக்கு ஒரு பொடி கொடுத்தார். அத்தான் வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் படித்தால், அதில் தாமிரம், மீனுக்கு நஞ்சு. ஆத்திரத்தில் அதைச் சுவரில் விட்டெறிந்தார். பொட்டலம் கிழிந்தது. தூள் தொட்டியில் விழுந்துவிடுமோ என்று பயந்து, ஈரத்துணியால் அரைமணி நேரம் தரையைத் துடைத்தார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஊதாத் தண்டுச் செடி ஒன்று அக்காவிடம் இருந்தது. சூப்புக்கு முக்கியமானது, சந்தையில் கிடைக்காது. டிசம்பரில் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, அதை ஒட்ட வெட்டிப் பாத்தியில் நட்டுவிட்டார். ஆறே நாளில் அதுவும் போயிற்று.

சட்டியில் மிஞ்சிய மொட்டைக் கட்டையை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். “சந்தையில கெடைக்கிறதையெல்லாம் அழுக வெச்சீங்க, சரி. இத ஏன் தொட்டீங்க?”

ஒரு வாரம் அக்கா அவரோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் தீவன மூட்டையை இறக்க நான் போனேன். அத்தான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பாத்திக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“மச்சான், தண்ணி எறங்குதான்னு பாரு.”

நாற்பது நிமிஷம் பார்த்தோம். இறங்கவே இல்லை. வந்த தண்ணீர் அப்படியே குழாய் விளிம்பில் வழிந்து கொண்டிருந்தது. உறிஞ்சுகிற அளவுக்கு வேகம் இல்லை. மோட்டாரை வெளியே எடுத்தார். பழைய லெட்டூஸ் வேர்கள் முடிக்கற்றை போலச் சுற்றி, அதன் வாயை அடைத்திருந்தன. தண்டுகள் இரண்டு மாசமாக மூச்சுவிட வழியில்லாமல் தண்ணீருக்குள்ளேயே நின்றிருக்கின்றன.

“தண்டைத் திட்டினேன், வெளக்கை மாத்தினேன். இதக் கழட்டிப் பாக்கலியே,” என்று அந்தக் கற்றையைத் தரையில் அடித்தார்.

மொட்டைக் கட்டையில் இரண்டு துளிர் வந்திருந்தது. ஒன்றைக் கேட்டு வாங்கிவர என்னை மேலே அனுப்பினார்.

“அவருக்கு வாயில்லையாடா?” என்றாள் அக்கா.

அவரே வந்தார். “ஒரே ஒரு துளிர். வளந்ததும் குடு. இனிமே உன்னைக் கேக்காம எதையும் தொட மாட்டேன்.”

பத்து நாள் கழித்து அக்கா தானே வெட்டி, அவர் உள்ளங்கையில் வைத்தாள். நாலு விரல் நீளம்.

அந்த வாரமே, குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாக, கபாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. சந்தையில் வாங்கிய உறைந்த இலைகளைப் போட்டுத்தான் சூப் வைத்தாள் அக்கா. ஊதாத் தண்டு இல்லாமல் சப்பென்று இருந்தது. கபாவ் குறை வைக்காமல் கிண்ணம் முழுக்கக் குடித்தாள். அதுதான் அத்தானை அரித்தது.

நட்ட பத்தொன்பதாம் நாள் தண்டில் வேர் வந்தது, வெள்ளை நூல் மாதிரி மூன்று இழை. கபாவின் முப்பது நாளும் முடிந்தபோது அதில் மொத்தம் ஐந்து இலை. கிள்ளினால் செடி போய்விடும்.

“இனி வந்து என்ன பிரயோசனம்?” என்று விளக்கை அணைத்துவிட்டு மேலே வந்தார்.

அக்கா கீழே போய் விளக்கைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தாள்.