சோப்புப் பூசிக்கொண்டு கடலுக்குப் போனேன்

என் மகளைத் திருகோணமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அவளுடைய மாமியார், என் சம்பந்தியம்மா, போன வருடம் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, காலில் ஒரு அட்டை ஏறியதற்கு லயத்து வரிசை வீடுகளிலிருந்த சனமெல்லாம் எழும்பி வரும்படி கத்தினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கொழுந்து பறித்த காலத்தில் எத்தனை அட்டையைப் பிடுங்கிப் போட்டிருப்பேன்! அதனால் இந்தத் தடவை நான் அவர் ஊருக்குப் போனபோது மனதில் ஒன்றே ஒன்றுதான்: எதற்காவது பயந்து, அந்த அம்மா முன்னால் என் மானம் போகக் கூடாது.

காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அலை நனைத்து நனைத்துவிட்டுப் போகிற பாறைகள். அவற்றில் விரல் நீளத்துக்குக் கறுப்பாக, வழவழவென்று என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரம், பாசி, அதில் ஒட்டிக் கிடக்கிற கறுப்பு. மலையில் இருக்கிற எங்களுக்கு வேறென்ன தோன்றும்? கால் கழுவக் கொண்டுவந்த சோப்புத் துண்டை நனைத்து, மழைக்காலத்தில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் செய்வது போல, பாதத்திலிருந்து முழங்கால் வரை தேய்த்துக்கொண்டேன்.

"என்ன சம்மந்தி, இஞ்சயே குளிக்கப் போறீங்களோ?"

"அட்டை ஏறாம இருக்கத்தாங்க. நீங்களும் பூசிக்கங்க, பொறகு கத்தாதீங்க."

பெருமையாகச் சொல்லிவிட்டுப் பாறையில் கால் வைத்தேன். சோப்புப் பூசிய கால் நிற்குமா? சர்ரென்று வழுக்கி, பாறைக்குழியில் தேங்கிய கடல் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தேன். உடனே அந்த அட்டைகளெல்லாம் தவளை மாதிரி பாறைக்குப் பாறை குதித்தன!

"ஐயோ, அது மீன் சம்மந்தி! பாசி தின்னுற மீன், ஒண்டும் செய்யாது." சிரித்ததில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மீனாவது, பாறை ஏறுவதாவது! குனிந்து பார்த்தேன். குழிக்குள் என் மடியருகே ஒன்று. முழித்த கண், தடித்த உதடு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவளைக் கங்காணி பார்ப்பது போல என்னை மேலும் கீழும் பார்த்தது.

இப்படியே எழுந்து போனால் மானம் போனது போனதுதான். இரண்டு கையாலும் மெல்ல அள்ளினேன். உள்ளங்கையில் சில்லென்று ஒட்டிக்கொண்டது.

"இந்தாங்க, புடிங்க" என்று நீட்டினேன்.

சம்பந்தியம்மாவின் சிரிப்பு நின்றது. "எனக்கு வேண்டாம்."

"ஒங்க ஊரு மீனுங்க!"

"சட்டிக்கு வாறதைத்தான் நான் தொடுவன். துள்ளுறதைக் கொண்டு வராதேங்கோ!"

நான் முன்னால் போகப் போக அவர் பின்னால் பின்னால் போனார். எங்கள் வழக்கு மீனுக்கு எதற்கு? கையிலிருந்து பாறைக்கு எம்பி, அடுத்த அலையோடு போய்விட்டது.

"வீட்டில சொல்லிப்போடாதேங்கோ" என்றார், குரலைத் தாழ்த்தி.

"அப்ப நான் வழுக்குனத நீங்களும் சொல்லக் கூடாதுங்க."

வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டாள். "சேல எப்படிம்மா இப்படி நனைஞ்சிச்சு?"

"பெரிய அலை" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.